கணப்புக்கு முன்னே இரண்டு நாற்காலி

இந்த டிசம்பரில் என் மனைவி சாந்தாமேரியைச் சாயங்காலத்தில் வீட்டில் உட்காரவைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். அவள் கோயில் பாடற்குழுவின் தலைவி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள். ஏற்காட்டுக் குளிரில் எனக்குத் துணை டிவிதான்.

அந்த டிவி நிற்கிற இடத்தில்தான் முன்பு கணப்பு எரிந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு நாற்காலியை அதன் முன்னே போட்டு, ஒரே பச்சைக் கம்பளிக்குள் உட்கார்ந்திருப்போம். பிறகு சிம்னிக்குள் செங்கல் வெடித்துப் புகையெல்லாம் வீட்டுக்குள் வந்தது. பலகை அடித்து மூடினேன். அதோடு அந்த உட்காருதலும் போயிற்று. இருபத்தெட்டு வருஷமாகியும் எனக்கு அந்த ஏக்கம் போகவில்லை.

போன மாதம் வெங்காயம் உரித்துக்கொண்டே மேரி சொன்னாள்.

"சிம்னி மட்டும் நல்லா இருந்தா, இந்தக் குளிர்ல நான் எதுக்குங்க வெளிய போறேன்?"

எனக்குப் பொறி தட்டியது. உடனே ஹார்டுவேர் கடை யூசுப் பாயைக் கூட்டிவந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இடிச்சுக் கட்டுனா ஊடே தாங்காதுங்க. உள்ளார வளையற மாதிரி ஒரு ஸ்டீல் குழாய எறக்கிட்டா, புகை அதுலயே மேல போயிரும்."

சேலத்தில் குழாய் வாங்கி, சுருட்டி மடியில் வைத்து, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். என் குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூரைமேல் நின்று குழாயை இறக்கினேன். கீழே மேரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பாய் சிமெண்ட் எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்.

"வந்துருச்சா மேரி?"

"வந்துருச்சுங்க. நீங்க பேசறது பக்கத்துல இருந்து பேசற மாதிரியே கேக்குது."

அவள் குரலும் அப்படித்தான் கேட்டது. நேரில் நான் அவளிடம் கேட்பதெல்லாம் 'சாப்பாடு ஆச்சா' என்பது மட்டும்தான். குழாய் நடுவில் இருந்ததால் தைரியம் வந்தது.

"மேரி, நாம பக்கத்துல பக்கத்துல உக்காந்து நொம்ப நாளாச்சு. எனக்கு அது வேணும். இனி சாயங்காலம் நீயும் நானும் மட்டும். பச்சைக் கம்பளியக்கூட வெயில்ல போட்டுட்டேன்."

மெதுவாக, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

ஒரே சிரிப்பு. நான்கைந்து சுருதியில் வந்தது.

"யாரு அங்க?"

"நம்ம பாடற்குழுதானுங்க, இப்பவே வந்துட்டாங்க. கோயில் ஹால்ல குளிர்ல ஒருத்தருக்கும் தொண்டையே தெறக்கல. இன்னைலேர்ந்து பயிற்சி நம்ம ஊட்டுலதான்."

"எப்ப முடிவாச்சு?"

"போன மாசமே ஃபாதர்கிட்டச் சொல்லிட்டேனுங்க, சிம்னி சரியாயிரும்னு."

"சிம்னிய சரி பண்ணணும்னு நானே அப்ப நெனைக்கலையே?"

"அதனாலதானுங்க வெங்காயம் உரிக்கறப்ப சொன்னேன்."

அன்று சாயங்காலம் கணப்பு எரிந்தது. புகை ஒழுங்காக மேலே போனது. ஒரு நாற்காலியில் கீபோர்டு. இன்னொன்றில் முழங்கால் வலிக்கிற ரூபியக்கா. நான் சமையலறையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்து பாட்டைக் கேட்டேன். மேரியின் குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. நன்றாகத்தான் பாடுகிறாள், அதுதான் தொந்தரவு.

பாட்டு நின்றது. கதவைத் திறந்துகொண்டு மேரி வந்தாள். கையில் பச்சைக் கம்பளி. என் தோளில் போர்த்தி, விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள். நகர்ந்து பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டேன்.

"பதினாலு காப்பிங்க," என்றாள். "மூணுக்குச் சக்கரை வேண்டாம்."