பேதுரு வரமாட்டேன் என்ற நாடகம்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு 'மாட்டேன்' சுலபமாக வரும். 'சரி' என்பதுதான் தொண்டையில் சிக்கும். எனக்கு அப்படிச் சிக்கியதில், யூதரல்லாத உலகம் முழுவதற்கும் ஒருநாள் மோட்சம் கிடைக்காமல் போகப் பார்த்தது.

எண்பதுகளில், விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகைக்கு நாடகம் போட்டோம். கதை இதுதான்: இயேசுவின் சீடர் பேதுரு யூதர்; வேறு இனத்தார் வீட்டு வாசலை மிதிக்காதவர். வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி விரிப்பில் பலவகைப் பிராணிகள் இறங்குகின்றன. சாப்பிடு என்கிறது ஒரு குரல். தீட்டு, மாட்டேன் என்கிறார். பிறகு மனம் மாறி, ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு கூப்பிட்டதும் அவன் வீட்டுக்குப் போகிறார். இரட்சிப்பு, அதாவது மோட்சம், யூதரல்லாத நமக்கும்தான் என்று தெரிகிறது.

பேதுரு நான். (ஒட்டுத்தாடி பொருந்திய ஒரே முகம் என்னுடையதாம்.) முன்வரிசையில், என்னை மாப்பிள்ளை பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்த பெண் வீட்டார். பெண்ணும் வந்திருந்தாள்.

வேப்பங்கிளையிலிருந்து துப்பட்டி இறங்கியது. அதில் உயிரோடு போட்டிருந்த வயல் நண்டு ஒன்று நேராக என் அங்கிக்குள் ஏறிக் கவ்வியது. 'மாட்டேன்' என்பதை மிக உருக்கமாகச் சொன்னேன். அதோடு மற்ற வசனமெல்லாம் மறந்துபோனது.

கொர்நேலியுவின் வேலையாள் வந்தான். "ஐயா, எஜமான் கூப்புடுறாரு."

"மாட்டேன்."

"வர்றேன்னு சொல்லுடா," என்றார் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்த என் அண்ணன்.

"மாட்டேன்."

பொறுக்க முடியாமல் கொர்நேலியுவே மேடைக்கு வந்துவிட்டான். "நானே வந்துட்டேன்பா. பேஜாரு பண்ணாத."

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "ஏண்டி, இந்தாளு போவலன்னா நம்மளுக்கு மோட்சம் கெடையாதா?"

"அப்புடித்தான் போலக்குது. கெளம்பு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

முன்வரிசையில், திண்டிவனத்துப் பெண்ணின் அப்பா எழுந்தார். சம்பந்தம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உக்காருங்கம்மா," என்றார் அவர். "எல்லா ஜனத்துக்கும்னு ஆபிரகாம் காலத்துலயே ஆண்டவர் வாக்கு குடுத்துட்டாரு. இந்தத் தம்பி மறந்துட்டா அது மாறிடுமா?" பிறகு என்னிடம், "தம்பி, மொதல்ல அந்த நண்ட எடு."

எனக்கு மூச்சு வந்தது. உலகத்துக்கு மோட்சம் மிஞ்சியது. எனக்குப் பெண்ணும் மிஞ்சினாள். "நண்டு கடிச்சும் ஓடாம நின்னுக்கினு இருந்தாரே, அது போதும்," என்றாளாம்.

கல்யாணத்தில் போதகர் "சம்மதமா?" என்று கேட்டபோது சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமனார் மெல்லிய குரலில், "தலையாவது ஆட்டுங்க மாப்ள," என்றார். ஆட்டினேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், மாப்பிள்ளையை விட்டுவிட்டு எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.