கல்லு மாதிரி கீறாரு

“நிராகரிக்கப்படுகிறதுன்னு வந்துகீது அக்கா,” என்றாள் ஞானசுந்தரி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சசிரேகாவுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. “அப்டின்னா அடுத்த மாசம் வருமா?”

“அடுத்த மாசமும் வராது, அதுக்கடுத்த மாசமும் வராது. தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க.”

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த இ-சேவை மையத்தில், சசிரேகா பிளாஸ்டிக் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு வாதம் அடித்து ஒரு வருஷமாகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூட ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த மனுஷனுக்கு இல்லாத உதவித்தொகை பின்னே யாருக்கு?

“டாக்டர் சர்ட்டிபிகேட்டெல்லாம் குடுத்தோமே! இன்னா காரணமாம்?”

ஞானசுந்தரி படித்தாள். “நேரடி விசாரணையில், மனுதாரர் நல்ல உடல்நலத்துடன் விவசாய வேலை செய்து வருவதாகத் தெரியவருகிறது.”

“எந்தப் பாவிடி அவரு வேலை செஞ்சதப் பாத்தது!”

சசிரேகா போட்ட சத்தத்தில், பக்கத்து மெஷினில் கைரேகை வைத்துக்கொண்டிருந்த பெரியவர் பயந்துபோய் விரலை எடுத்துவிட்டார். ஆனால் கத்திய வாய் பாதியிலேயே மூடிக்கொண்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெருவே சொல்லியிருக்கும். சொல்லச் சொன்னவளே இவள்தான்.

விஷயம் இதுதான். மகள் பூஜாவுக்கு மாகறலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் தினகரன். சொந்த நிலம், சொந்த டிராக்டர், குடிப்பழக்கம் கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்கள் எடுத்த எடுப்பில் பெண் பார்க்க வந்துவிட மாட்டார்கள். முதலில் சத்தம் காட்டாமல் ஓர் ஆளை விட்டு, குடும்பம் எப்படி என்று விசாரிப்பார்கள். அப்பன் படுத்த படுக்கை என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? நிச்சயம் முடியட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது சசிரேகாவின் கணக்கு. தரகரிடம் “கொஞ்சம் கை மதமதப்பு” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். திருப்புலிவனத்தில் தன் தெருவில் வீடு வீடாகப் போய், “புது ஆளு யாரு வந்து கேட்டாலும் அவரு நல்லாகீறாருன்னு சொல்லிடுங்க, புண்ணியமாப் போவும்,” என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

தன் பங்குக்கு அவளும் சும்மா இருக்கவில்லை. போன மாதம் பஸ்ஸில், நெற்றியில் விபூதியும் அயர்ன் செய்த சட்டையுமாக ஒருவர், மாகறலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, “வழியில திருப்புலிவனத்துல ஏகாம்பரம்னு ஒருத்தர் வீடு எங்கங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டார். பின்சீட்டிலிருந்து சசிரேகா எழுந்தே விட்டாள். மாகறல் ஆள்! விடுவாளா?

“நான்தான் அவரு சம்சாரம். இன்னா வேணும்?”

“இல்லம்மா, அவருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு...”

“உடம்புக்கு இன்னா? கல்லு மாதிரி கீறாரு! விடிஞ்சா கழனி, பொழுது போனா வூடு. நெல்லு மூட்டையத் தனி ஆளாத் தூக்கி வண்டில போடறாரு.”

அந்த மனிதர் நாலைந்து தரம் வாயைத் திறந்தார். சசிரேகா மூடவைத்துவிட்டாள். அவர் திருப்புலிவனத்தில் இறங்காமலே மாகறலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

இப்போது உதவித்தொகை இல்லையென்றால் கல்யாணமே நின்றுவிடும். பூஜா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில்தான் மருந்து, மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எல்லாம் ஓடுகிறது. “நைனாவுக்கு அந்த ஒதவித்தொகை வந்தாத்தான் நான் கல்யாணம் பண்ணிக்குவேன். இல்லன்னா எவனும் வர வேணாம்,” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்படியே அப்பன்.

“அழாதீங்கக்கா. மேல்முறையீடு போடலாம்,” என்று ஞானசுந்தரி டீ வரவழைத்தாள். உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண். நல்ல மனசு. கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாமல் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். “அவரக் குளிப்பாட்டறது யாரு?”

“காலைல நான். ஞாயித்துக்கெழமை பூஜா.”

“ராத்திரியில யாரு தூக்கி உக்கார வெக்கிறது?”

“அவதான். எனக்கு இடுப்பு வலி. கம்பெனிலேர்ந்து செத்து சுண்ணாம்பா வருவா, அப்பவும் அப்பனுக்கு ஊட்டிட்டுத்தான் தின்னுவா.”

“பொண்ணு மொகம் சுளிக்குமா?”

“அய்யோ, சீ! நைனான்னா உசுரு அவளுக்கு.” சசிரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்ளோவும் மனுவுல எழுதணுமா?”

“கேட்டு வெச்சிக்கிறேன்கா.”

யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்த சசிரேகா, மிச்சத்தையும் கொட்டினாள். “உனுக்கு மட்டும் சொல்றேன் ஞானம். பூஜாவுக்கு மாகறல்ல ஒரு எடம் வந்துகீது. அவங்க காதுல மட்டும் இவரு நெலம வுழக் கூடாது. வுழுந்தா எல்லாம் போச்சி.”

ஞானசுந்தரிக்கு டீ புரையேறிவிட்டது. தலையில் தட்டி ஆசுவாசப்படுத்த வேண்டியதாயிற்று.

மனு போனது. இந்த வாரத்துக்குள் மறுபடி விசாரிக்க ஆபீஸிலிருந்து ஆள் வரும் என்று தெரிந்தது. சசிரேகா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தெருமுனை டீக்கடைக்குப் போனாள்.

“பஞ்சாட்சரம் அண்ணே, அவரப் பத்தி யாராவது வந்து கேட்டாங்களா?”

“கேட்டாங்களே! பைக்ல ஒருத்தன் வந்தான். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். ஏகாம்பரம் கெணத்துல குதிச்சி நீச்சல் அடிக்கிறாருன்னு.”

“நீச்சலா!”

பக்கத்து வீட்டு மங்கம்மா தன் பங்கைச் சொல்ல ஓடி வந்தாள். “என்னாண்டயும் ஒருத்தன் கேட்டான்டி. தென்ன மரத்துல ஏறி எளநி வெட்டிப் போட்டாருன்னு சொன்னேன். கெடந்து வாயப் பொளந்துட்டான்.”

சசிரேகா தலையில் அடித்துக்கொண்டாள். பாவம், யாரைக் குறை சொல்வது? எல்லாம் பாசம். பாசத்துக்கு அளவு தெரியவில்லை, அவ்வளவுதான். இனிமேல் சட்டம் வேறு என்று அவள் விளக்கினாள். பைக்கில் ஃபைலோடு வந்தால் ஆபீஸ் ஆள். படுத்த படுக்கை என்று சொல்ல வேண்டும். காரில் வந்தாலோ, கையில் பூ பழம் இருந்தாலோ மாகறல் ஆள். அவர்களுக்கு மட்டும் கல்லு மாதிரி.

“புரிஞ்சிதா?”

“இதுல இன்னா கீது புரியறதுக்கு?” என்றாள் மங்கம்மா.

மறுநாளே பைக்கில் ஃபைலோடு ஒரு பையன் வந்தான். ஏகாம்பரம் வீடு எது என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், மங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். “அய்யோ, ராசாவே! எப்படி இருந்த மனுசன்! இனிமே எந்தக் காலத்துல எழுந்து நடக்கப் போறாரு!” டீக்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பையன் நடுநடுங்கிப் போய் வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டான். கேஸ் ஏஜென்சியிலிருந்து கைரேகை வாங்க வந்தவன் அவன்.

அவன் போன ஊரிலெல்லாம் என்னவென்று சொன்னானோ, மத்தியானம் சாலவாக்கத்திலிருந்து ஏகாம்பரத்தின் சித்தப்பா ஆள் உயர ரோஜா மாலையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பின்னால் நாலு பெண்கள் தலைவிரி கோலமாக.

“சித்தப்பா, அவரு உயிரோட கீறாரு!”

“உயிரோடயா?” சித்தப்பா மாலையைப் பார்த்தார், சசிரேகாவைப் பார்த்தார். “சொல்லி அனுப்பிச்சி இருக்கலாம் இல்ல. இப்ப இத இன்னா பண்றது?”

கட்டிலில் கிடந்த ஏகாம்பரம் மாலையைப் பார்த்துவிட்டுப் பாதி வாயால் சிரித்தார். வாதம் வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. சசிரேகாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செத்துப்போனவருக்கு எந்த ஆபீஸ் உதவித்தொகை தரும்? மாகறல் வரைக்கும் இந்தச் சேதி போயிருந்தால்?

“இனிமே யாரும் ஒண்ணும் பேச வேணாம்,” என்று தெருவையே கையெடுத்துக் கும்பிட்டாள். “எவன் வந்தாலும் என்னாண்ட அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்.”

புருஷனிடமும் உட்கார்ந்து சொன்னாள். “ஏங்க, ஆபீஸ் ஆளு வருவாரு. நல்லா மொனகணும். தெரிஞ்சதா?” ஏகாம்பரம் தலையை ஆட்டினார். முனகிக் காட்டவும் செய்தார். நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை. பூஜா வீட்டில்தான் இருந்தாள். சசிரேகா நாஷ்டாவுக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். விபூதி. அயர்ன் செய்த சட்டை. பஸ்ஸில் வந்த அதே மனிதர்!

“பூஜா! மாகறல் ஆளுடி! நைனாவுக்குச் சட்டையப் போடு!”

“இன்னிக்கி ஆபீஸ் ஆளுதான வரணும்னு சொன்ன?”

“கேள்வி கேட்டுகினு நிக்காத. தூக்கு!”

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏகாம்பரத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சரியாமலிருக்க முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டி, அதன்மேல் சித்தப்பா விட்டுப்போன அங்கவஸ்திரத்தைப் போர்த்தினாள் சசிரேகா. இடது கையில் பேப்பரைச் செருகினாள். தலைகீழாகச் செருகிவிட்டாள் என்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

“வாங்க, வாங்க! உக்காருங்க. இப்பத்தான் கழனிலேர்ந்து வந்து பேப்பர் படிச்சிகினு கீறாரு.”

வந்தவர் ஏகாம்பரத்தையே பார்த்தார். “ஐயா, எப்படி இருக்கீங்க?”

ஏகாம்பரத்துக்கு ஆபீஸ் ஆள் என்ற நினைப்பு. ஒத்திகை பார்த்தபடி முனக ஆரம்பித்தார்.

“பாட்டு பாடறாரு!” என்றாள் சசிரேகா அவசரமாக. புருஷன் காதில் குனிந்து, “ஆபீஸ் ஆளு இல்லங்க. மாப்ள வூட்டு ஆளு,” என்று கிசுகிசுத்தாள்.

அவ்வளவுதான். சம்பந்தி வீட்டு ஆள் வந்து நிற்கும்போது பெண்ணைப் பெற்றவன் உட்கார்ந்தபடி இருப்பதா? ஏகாம்பரத்தின் முகம் மாறியது. இருக்கிற ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். துண்டு அவிழ்ந்தது. அரை நொடி நின்றார். அடுத்த அரை நொடியில் அப்படியே முன்னால் சாய, வந்தவர் பாய்ந்து மார்போடு தாங்கிக்கொண்டார்.

“நைனா!” என்று பூஜா ஓடிவந்து அந்தப் பக்கம் பிடித்தாள். வாயோரம் வழிந்ததைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள். ஏகாம்பரம் மூச்சு வாங்க, குழறிக் குழறிக் கேட்டார். “நல்... நல்லா நின்...னேனா?”

சசிரேகாவால் அதற்குமேல் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். “அவரால முடியாதுங்க. ஒண்ணும் முடியாது. ஒரு வருசமாப் படுக்கைதான். பொண்ணுக்கு ஒரு வாழ்க்க அமையணுமேன்னு பொய் சொன்னேன். உங்க ஊர்ல போயி இன்னா வேணா சொல்லிக்கங்க. எங்கள மன்னிச்சிடுங்க.”

“என் ஊரா? நான் செங்கல்பட்டும்மா,” என்றார் அவர், ஏகாம்பரத்தைக் கட்டிலில் படுக்கவைத்தபடி. “உதவித்தொகை மனுவை விசாரிக்க ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். அன்னைக்கு மாகறல்ல வேற ஒரு மனு இருந்துச்சு. போற வழியில உங்க வீட்டுக்கும் வரலாம்னுதான் பஸ்ல கேட்டேன். சம்சாரமே எழுந்து நின்னு மூட்டை தூக்கறாருன்னு சொன்னா, நான் வேற என்னம்மா எழுதறது?”

சசிரேகாவின் அழுகை பட்டென்று நின்றது. தெருதான் கெடுத்தது என்று நினைத்திருந்தாளே! பஞ்சாட்சரம் அண்ணனின் நீச்சலும் மங்கம்மாவின் தென்னை மரமும் ஒன்றுமே செய்யவில்லை. எல்லாம் இவள் வாய்.

“இன்னைக்குக் கண்ணாலயே பாத்துட்டேன். கையால தாங்கியும் பாத்துட்டேன்,” என்று அவர் பேனாவை எடுத்தார். “கவலைப்படாதீங்க. இந்த மனு நிக்கும்.”

எழுதிவிட்டு, காப்பி குடித்துவிட்டு அவர் கிளம்பினார். சசிரேகா வாசல் வரை போய்க் கும்பிட்டாள். மனசு பாதிதான் லேசானது. பஸ்ஸில் வந்தவர் ஆபீஸ் ஆள் என்றால், மாகறல் ஆள் எவர்? பைக்கில் வந்து நீச்சல் கதை கேட்டவனா? இன்னும் வரவே இல்லையா? இந்தச் சாவுச் சேதி வேறு எங்கெங்கே சுற்றுகிறதோ!

அப்போது ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் ஞானசுந்தரி. சீட்டைத் திறந்து ஒரு தட்டை எடுத்தாள். பூ, பழம், வெற்றிலைப் பாக்கு, மேலே ஒரு பட்டுப் புடவை.

“ஞானம்! மனு பாஸாயிடும்னு சொல்லிட்டாருடி! அதுக்குள்ள உனுக்கு யாரு சொன்னா? தட்டு வேற எதுக்கு?” என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் சசிரேகா. “மொதல்ல உள்ள வந்து கதவச் சாத்து. மாகறல்லேர்ந்து ஆளு எப்ப வேணா வரும். இவரு நெலம அவங்களுக்குத் தெரியவே கூடாது.”

ஞானசுந்தரி தட்டை ஏகாம்பரத்தின் கட்டிலோரம் வைத்துவிட்டு, பூஜாவின் தலையைத் தடவிக்கொடுத்தபடி சொன்னாள்:

“யாரு தூக்கி உக்கார வெக்கிறாங்க, பொண்ணு மொகம் சுளிக்குமான்னு நான் கேட்டதெல்லாம் மனுவுல இல்லவே இல்லக்கா. மாகறல்லேர்ந்து விசாரிக்கச் சொல்லி அனுப்பிச்ச ஆளே, தினகரனோட அத்தை, நான்தான்.”