இடது முளையில் அடைப்பு

தலையில் ஒரு தொப்பி. தொப்பியில் பதினாறு ஒயர். ஏழே நிமிடத்தில் உங்கள் மூளையை மெஷின் படித்துக் காகிதத்தில் கக்கிவிடும். இதற்காகக் காலை ஆறு மணிக்கே மாடிப்படி நெடுக வரிசை. மாமியாரின் ஞாபகமறதி நிஜமா நடிப்பா என்று தெரிந்துகொள்ள வந்த மருமகள். மருமகளுக்கு மூளையே கிடையாது என்று எழுதி வாங்கிப் போக வந்த மாமியார். இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள். வருங்கால மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாமனார்.

வாசல் பலகையில் 'நரம்பு உளவியல் சக்கரவர்த்தி' என்று இருந்தது. டாக்டர் என்று போட்டால் எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். சக்கரவர்த்தியை யார் கேட்பது?

அந்த வரிசையில் நானும் நின்றேன். என் மூளைக்காக அல்ல. அது இருந்திருந்தால் அங்கே நின்றிருக்கவே மாட்டேன். எங்கள் அச்சகத்து ஒற்று அண்ணனுக்காக. அவர் பிழை திருத்துபவர். ஒரு 'க்' விட்டுப்போனால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். அதனால் அந்தப் பட்டப்பெயர். மூன்று மாதம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் படித்த வரி மறந்துவிடுகிறது. பக்கத்துக்கு நாலு பிழை அவர் கண்ணைத் தாண்டிப் போகிறது. முதலாளி, "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர், "ஒரு நியூரோ சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. ஞாபகம், கவனமெல்லாம் எந்த அளவு பாதிச்சிருக்குன்னு சோதிச்சுச் சொல்வாங்க" என்றார். செல்போனில் தேடினேன். முதலில் வந்தவர் சக்கரவர்த்தி. ஐந்து நட்சத்திரம், அறுநூறு பாராட்டு. கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவன் நான். மூளை விஷயத்தில் நட்சத்திரத்தை எண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அண்ணியும் வந்தார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அறைக்குள் நுழைந்ததும் தொழில் புத்தி.

"உங்க பதிவு எண் என்னங்க? எங்க படிச்சீங்க?"

சக்கரவர்த்தி சிரித்தார். "அம்மா, சூரியனுக்கு லைசென்ஸ் உண்டா?"

"சூரியன் பீஸ் வாங்குறதில்லையே."

"சும்மா இருங்க அண்ணி, கோவிச்சுக்கப் போறாரு" என்று நான் கெஞ்சினேன்.

தொப்பி ஏறியது. பல்ப் மின்னியது. காகிதம் வந்தது: 'இடது முளையில் அடைப்பு. ஏழு அமர்வு தேவை. தவறினால் பெரும் இழப்பு.'

இழப்பு! வேலையைத்தான் சொல்கிறது. அண்ணியிடம் திரும்பினேன். "பாத்தீங்களா, எப்படிப் புட்டுப் புட்டு வெச்சுடுச்சு!"

அண்ணன் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்தது. நின்றது.

"முளை," என்றார். "மூளை இல்ல. குறில் போட்டிருக்கு."

அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

"வெளிநாட்டு மெஷின். தமிழ் இப்பத்தான் கத்துக்குது," என்றார் சக்கரவர்த்தி.

அண்ணன் நேரே வெளியே போய், முன்பே பார்த்து முடித்திருந்த மாமியாரின் காகிதத்தை வாங்கினார். இடது முளை. மருமகளின் காகிதம். இடது முளை. வருங்கால மருமகனுக்கும் அதே முளை, அதே அடைப்பு, அதே ஏழு அமர்வு.

"மாடு கட்டுற முளையையா எல்லார் தலையிலயும் அடிச்சிருக்கான்!" என்றார் மாமியார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மருமகள் அதற்குத் தலையாட்டினாள்.

அண்ணி தொப்பியை எடுத்தார். "ஐயா, இதை உங்க தலைல மாட்டுங்க. உங்க மூளை எப்படின்னு நாங்களும் பாக்குறோம்."

"என் சக்திக்கு மெஷின் தாங்காதும்மா."

"தாங்கலேன்னா நிக்கட்டும்."

அதற்குள் மாடிப்படி முழுக்க அறைக்குள் வந்துவிட்டது. மாமனார் சக்கரவர்த்தியின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். அண்ணி பொத்தானை அமுக்கினார். மெஷின் ஆள் பார்த்துப் பேசுகிற ரகமில்லை. 'இடது முளையில் அடைப்பு. ஏழு அமர்வு தேவை.'

"அடப் பாவமே," என்றார் அண்ணி. "யார்கிட்டப் போய்க் காட்டப் போறீங்க?"

மதியத்துக்குள் பலகை இறங்கியது.

பிறகு அண்ணி ஆஸ்பத்திரியிலேயே பெயர்களை எழுதி வாங்கிவந்து போன் போட்டார். பதிவு எண் என்ன, தலையில் அடிபட்ட பெரியவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா, அறிக்கையைப் புரிகிற மாதிரி விளக்குவீர்களா. முதல் ஆள், "நம்பிக்கை இருந்தா வாங்க" என்றார், அங்கே போகவில்லை. இரண்டாமவர், "நான் குழந்தைங்களைத்தான் பாக்குறேன். இவங்ககிட்டப் போங்க" என்று ஓர் அம்மாவின் எண்ணைக் கொடுத்தார்.

அந்த அம்மாவிடம் தொப்பி இல்லை, பல்ப் இல்லை. பென்சில், காகிதம், நாலு மணி நேரம். பதினைந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணனுக்கு ஐந்துதான் வந்தது. வெளியே வந்து அழுதார்.

"குணமாகிடுமா?" என்று அண்ணி கேட்டார்.

"இப்பவே ஆகும்னு சொன்னா அது பொய். எழுத்தறிவு அப்படியே இருக்கு. கவனம்தான் சீக்கிரம் களைச்சுப்போகுது. அரை மணி வேலை, பத்து நிமிஷம் ஓய்வு. வரிக்குக் கீழ ஸ்கேல் வெச்சுப் படிங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி சோதிப்போம்."

அந்த அறிக்கையைப் படித்த முதலாளி, மாசக் கடைசியை ஆறு மாதம் தள்ளிவைத்தார்.

போன வாரம் அச்சகத்துக்கு ஒரு நோட்டீஸ் அச்சடிக்க வந்தது. நாலு தெரு தள்ளிக் கடை விரித்திருக்கிறான். இப்போது 'மகா சக்கரவர்த்தி'. கொட்டை எழுத்தில் 'உங்கள் முளை எங்கள் பொறுப்பு!' அண்ணன் ஸ்கேல் வைத்துப் படித்து, இரண்டு ஒற்றும் ஒரு கமாவும் திருத்தித் தந்தார். முளை அப்படியே இருந்தது. போச்சு, கண் மறுபடி போய்விட்டது.

"அண்ணே... தலைப்புல ஒண்ணு விட்டுட்டீங்களே?"

"எது, முளையா? பாத்தேன்டா. அங்க போய் நிக்கிறவங்களுக்கு அதுதான் சரியான எழுத்து."

முதலாளி அந்த வேலையைத் திருப்பியனுப்பிவிட்டார். அவன் வேறெங்காவது அச்சடித்துக்கொள்வான். அங்கேயும் காலை ஆறு மணிக்கு வரிசை நிற்கும். குறிலை நெடிலாக்குவது அச்சகத்தின் வேலை இல்லை ஐயா. எங்கே படித்தாய் என்று கேட்காமல் தொப்பிக்குத் தலையை நீட்டுகிற வரைக்கும், உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பது முளைதான்.