மிராசுதாருக்குக் கண் திறந்த கதை

அலட்சியக்காரன் கெடுத்த காரியத்தை எப்படியாவது சரிசெய்துவிடலாம். ஜாக்கிரதைக்காரன் கெடுத்ததை ஆண்டவனாலும் சரிசெய்ய முடியாது. நான் பிறவி ஜாக்கிரதைக்காரன். வெயில் காலத்திலும் குடையோடு போவேன். குடை கிழிந்திருக்குமோ என்ற கவலையில் அதை விரிக்கமாட்டேன்.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம். திருச்சி தெப்பக்குளத்தருகே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்டவர்களுக்குத் தூரிகையால் கண் திறந்துவிடுவதுதான் உத்தியோகம். (முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். பின்னால் வரப்போவது அப்போதே தெரிந்திருக்கும்போல.)

என்னைப்போல் படம் எழுதுகிற சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தோம். ஆளுக்கொரு மூலையில் தரித்திரப்படுவதைவிடக் கூட்டாகப் படலாம் என்பது யோசனை. தலைவன் ஆராவமுது, ஸ்ரீரங்கத்துப் பையன். பெரிய கடைவீதி சலீம் காரியதரிசி. எல்லாம் இருந்தது, உட்கார இடம் மட்டும் இல்லை. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு மிராசுதாருக்கு நெல் மூட்டை அடுக்கும் கட்டடம் இருந்தது. அதன் மாடியில் ஒரே ஒரு நாள் கண்காட்சி நடத்த அனுமதித்தார். “பார்க்கிறேன். மனசுக்குப் பிடிச்சுதுன்னா மாடியை நீங்களே வச்சுக்குங்க. பிடிக்கலேன்னா மறுநாள் மூட்டை ஏத்திடுவேன்” என்றார். ஆக, சங்கம் பிழைப்பதும் சாவதும் அன்று அவர் முகத்தில் இருந்தது.

அதனால் அந்த முகத்தையே ஆராவமுது ஆளுயரத்துக்கு எழுதினான். மீசை, தலைப்பாகை, கடுக்கன் எல்லாம் அச்சு அசல். கண்ணை மட்டும் விட்டுவைத்தான்.

“ரிப்பனை எல்லாரும் வெட்டறா. நாம சபையிலே கண் திறந்து ஆரம்பிப்போம். முத்து, நீதான் திறக்கறே.”

“நானா? கை நடுங்குமே!”

“நடுங்கட்டும். கண்ணு நன்னா விழணும், அவ்வளவுதான்” என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், என் தாய்மாமன். அவர் ஊர் ஊராய்ப் போய் ஐயனாருக்குச் சுதைச் சிலை செய்கிறவர். கண் திறக்கும்போது சிலைக்கு எதிரே ஒருவரும் நிற்கக்கூடாது, முதல் பார்வை கண்ணாடியில்தான் விழவேண்டும் என்பது அவர் சட்டம். மீறி நின்ற ஒருவர் அந்த வாரமே அம்மை வார்த்துப் படுத்துவிட்டாராம். மிராசுதார் என்ன ஐயனாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். மாடி கொடுக்கிறவர் தெய்வத்தில் சேர்த்திதான் என்று பதில் வந்தது. சவரக் கண்ணாடியை ஜிப்பாவுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்து முன்வரிசையில் ஸ்கூல் டீச்சரம்மாக்கள். பின்னால், தூணோரமாக, மிராசுதாரின் மனைவி செல்லம்மாள். மிராசுதார் நட்டநடுவில், படத்துக்கு நேர் எதிரே.

தூரிகையை எடுத்ததும் எனக்கு அம்மை ஞாபகம் வந்துவிட்டது.

“ஐயா, கொஞ்சம் ஓரமா நகர்ந்து உட்காருங்க.”

“நானா?”

“ஆமாங்க. உங்க பார்வை உங்க மேலேயே படக்கூடாது.”

சபை சிரித்தது. அவர் சிரிக்காமல் நகர்ந்தார். நானும் எதிரே நிற்கவில்லை. படத்துக்கு ஓரமாக நின்று, இடது கையில் கண்ணாடியைப் படத்தின் முகத்துக்கு நேரே நீட்டி, அதற்குள் பார்த்தபடியே வலது கையால் எழுதினேன்.

வெள்ளை வைத்தேன். கருவிழி வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் விழி கொஞ்சம் வலப்புறம் சாய்ந்த மாதிரி இருந்தது. இடப்புறம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். (கண்ணாடியில் வலம் இடமாகும் என்பதை எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ என்னவோ. நான் ஆறாவதோடு நின்றவன்.) விழி வெள்ளையின் கடைசிக்குப் போய் இனிமேல் போக இடமில்லை என்றபோதுதான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

சபை கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மிராசுதார் யாரைங்க தேடறாரு?”

முன்னால் வந்து பார்த்தேன். ஊரே பயப்படும் அந்தப் பெரிய மனுஷர், தலையைத் திருப்பாமல், பெண்கள் பக்கம் ஒரு கள்ளப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை போய் விழுந்த இடத்திலிருந்த டீச்சரம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு மாறினார்.

“யா அல்லாஹ்!” என்றான் சலீம். “மூட்டை ஏத்தச் சொல்லிடலாம்ப்பா.”

மிராசுதார் எழுந்தார். “யாருய்யா இதுக்குக் கண்ணு வச்சது?”

ஊருக்கே தெரியும்படி வைத்த நான், கண்ணாடியால் முகத்தை மறைத்துக்கொண்டு படத்துக்குப் பின்னால் போய் நின்றேன். வேட்டியும் காலும் வெளியே தெரிந்திருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு அப்போது நேரமில்லை.

வளையல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செல்லம்மாள் தூணோரத்திலிருந்து எழுந்து வந்து, டீச்சரம்மா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தை நிமிர்ந்து பார்த்தார். படம் அவரைப் பார்த்தது. அவர் முகம் சிவந்துபோயிற்று.

“ஏங்க, இதை அழிக்கச் சொல்லாதீங்க.”

“என்ன பேசறே நீ? சந்தி சிரிக்குது!”

“சிரிக்கட்டுமே. கல்யாணமான நாளா நெல்லைப் பார்த்தீங்க, வயலைப் பார்த்தீங்க, கணக்குப்பிள்ளையைப் பார்த்தீங்க. என் பக்கம் திரும்பிப் பார்க்க நேரமில்லே. படமாவது பார்க்குதே! இதைக் கூடத்துல மாட்டுங்க. எந்தப் பக்கம் உட்காரணும்னு நான் பார்த்துக்கறேன். மாடியை அந்தப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடுங்க.”

மிராசுதார் தொண்டையைக் கனைத்தார். மீசையைத் தடவினார். பிறகு, என் கண்ணாலேயே பார்த்தேன், படத்தில் இருந்த அதே ஓரப் பார்வையை மனைவியின் பக்கம் ஒரு கணம் வீசினார்.

“தம்பி, சாவியை வாங்கிக்குங்க” என்றார் ஆராவமுதிடம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்தது வண்ணத்தட்டின் மேல். காவேரிப் பாலத்தைத் தாண்டி வீடுவரை பின்பக்கத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு நடந்தேன். வாழ்நாளில் அந்தக் குடையை விரித்து உபயோகித்தது அன்றுதான். கிழிசல் இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் லால்குடியில் பெண் பார்க்கப் போனபோது நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் சித்தப்பா, “மாப்பிள்ளை, கண்ணாடி கொண்டாரச் சொல்லட்டுங்களா?” என்றார். (பின்வரிசைக் குரல் அவருடையதுதானாம்!) உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் காலையில் நான் புரண்டு படுத்தால் போதும். சமையலறையிலிருந்து என் மனைவி பேரப்பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

“எல்லாரும் ஓரமா நகருங்க, தாத்தா கண் திறக்கப் போறார்!”