தலையணைக் கம்பெனிக்கு வந்த ஆலோசகர்

மூன்றாவது சொட்டு முதலாளியம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் நேராக வந்து விழுந்தது.

இன்ஜினியர் அதைப் பார்க்காதவர் போலத் திரையைக் காட்டினார். திரையில் அவருடைய இரண்டாவது பக்கம் கொட்டை எழுத்தில் நின்றிருந்தது: ‘நாம் எங்கே இருக்கிறோம்?’

“ஒரு நிறுவனம் தன்னைத்தானே கேட்டுக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் மேடம். நாம் எங்கே இருக்கிறோம்?”

“ஏசிக்குக் கீழே,” என்றார் முதலாளியம்மா, நோட்டைத் துடைத்துக்கொண்டே.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் அதையும் குறித்துக்கொண்டார்.

இன்ஜினியர் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அன்று காலை பத்து மணியிலிருந்து அவர் ஆலோசகர். பம்பும் ப்ளோயரும் செய்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, போன மாதம்தான் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். காரணம், மாமனார் வீட்டில் நடந்த ஒரு விருந்து. வந்தவர்களுக்கெல்லாம் மாமனார் அவரை அறிமுகப்படுத்தினார்: “இவர் எங்க மாப்பிள்ளை. வாஷிங் மெஷின் நல்லாப் பார்ப்பாரு.” அன்று சாயங்காலம் முழுவதும் மாப்பிள்ளை வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருந்தார். பல்பு மாட்டத் தெரியாத மச்சான் சோபாவின் நடுவில் உட்கார்ந்து பேச, பத்துப் பேர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஆலோசகர்.

அன்று இரவு ஆரம்பித்த மனைவி, ஒரு வாரம் விடாமல் ஓதினாள். “உங்களுக்கு இல்லாத மூளையா அவனுக்கு? அவன் வாயை வெச்சுப் பிழைக்கிறான், நீங்க ஸ்பேனரை வெச்சுக்கிட்டு அல்லாடுறீங்க.” தலையணை மந்திரம் பலித்தது. முதல் வாடிக்கையாளரும் தலையணைக் கம்பெனியாகவே அமைந்ததை அவள் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்.

காலையில் மச்சானின் கோட்டை மாட்டிவிட்டு, போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியும் விட்டாள். வாசலில் நிறுத்தி எச்சரித்தாள்: “இனிமே கிரீஸ் சட்டையோட வந்தீங்க, வாசல்லயே நிக்கவெச்சுத் துவைச்சிடுவேன். சட்டையை இல்ல.”

மச்சான் போனிலேயே பாடம் நடத்தியிருந்தான். “மாமா, ஒண்ணே ஒண்ணுதான். எதையும் தொடாதீங்க. தொட்டா மெக்கானிக், தொடாம இருந்தா ஆலோசகர். என்ன உடைஞ்சாலும் கேள்வி மட்டும் கேளுங்க.”

நான்காவது சொட்டு விழுந்தது.

இன்ஜினியரின் கண் தானாக மேலே போயிற்று. ஏசியின் தண்ணீர்க் குழாய் ரெண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு தள்ளு தள்ளினால் போதும். கை அரித்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“மேடம், இந்தச் சொட்டு நமக்கு என்ன சொல்லுது?”

“ஒழுகுதுன்னு சொல்லுது.”

“அதுக்குப் பின்னால?”

“பின்னால சுவர் இருக்கு,” என்றார் மேனேஜர் உதவியாக.

ஐந்தாவது சொட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டது. அந்த இடைவெளிதான் அவரைக் கொன்றது. விழப்போகிற சொட்டுக்காகக் காத்திருப்பதை விடக் கொடுமை உலகத்தில் இல்லை.

“ஒரே ஒரு நிமிஷம் மேடம்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மேனேஜர் பிடித்துக்கொண்டார். குழாயை உள்ளே தள்ளினார். அதிலிருந்த தண்ணீர் கோட்டில் கொட்டியது. சொட்டு நின்றது. முதலாளியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“அட!”

அந்த ஒரு ‘அட’வில் இன்ஜினியருக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்தது. இறங்கிக் கோட்டைத் தட்டிவிட்டு, “இப்ப மூணாவது பக்கத்துக்குப் போகலாம்,” என்றார்.

போக முடியவில்லை. சுவருக்குள் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. வேறு வழி தேடிக்கொண்ட தண்ணீர், சுவரோரமாகக் கோடு போட்டு இறங்கி, ப்ரொஜெக்டர் செருகியிருந்த ப்ளக்கைக் குளிப்பாட்டியது. டப்! ஜன்னல் இல்லாத அறை கும்மிருட்டானது.

“இப்ப எங்கே இருக்கோம்?” என்று முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

“ஸ்விட்ச் விழுந்திருக்கும். மெயின் போர்டு எங்க இருக்கு?” நாக்கு முந்திக்கொண்டது. இந்த இடத்தில் மச்சானாக இருந்தால், ‘இருட்டு உங்களுக்கு என்ன கத்துக் குடுக்குது?’ என்று கேட்டிருப்பான்.

மெயின் போர்டு கீழே, பராமரிப்பு அறையில் இருந்தது. அங்கே நீலச் சட்டை போட்ட ஏழு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் எல்லாரும் மரியாதையாக எழுந்து வழி விட்டார்கள். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஃபோர்மேன் மட்டும் முன்னால் வந்தார்.

“வாங்க சார். இந்தச் சூழ்நிலையை நீங்க எப்படிப் பாக்குறீங்க?”

ஒரு ஃபோர்மேன் இப்படிப் பேசுவதை இன்ஜினியர் எங்கேயும் கேட்டதில்லை. “விழுந்த ஸ்விட்சைத் தூக்கிவிடணும், அவ்வளவுதானே,” என்று தூக்கிவிட்டார். அது உடனே விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது.

“ப்ளக்கு ஈரம் காயற வரைக்கும் இது நிக்காது. மேல இருக்கிற பெரிய ஸ்விட்சை அணைச்சுட்டு அந்த ஒயரைத் தனியாப் பிரிச்சிடலாம். அந்தப் பெரிய ஸ்விட்ச் எதுக்குப் போகுது?”

“எதுக்குன்னு நினைக்கிறீங்க சார்?”

போர்டில் எழுதியிருந்தது அழிந்துபோய் ‘...றை’ என்று மட்டும் இருந்தது. அறை என்று படித்து அணைத்தார். அது உறை. தலையணை உறைக்குள் பஞ்சு அடைக்கிற பகுதி மொத்தமும் அடங்கி, தொழிற்சாலையே மூச்சு விடாமல் நின்றது. கரன்ட் போன சந்தோஷத்தில் வேலையாட்கள் எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பும் சத்தம் கேட்டது.

பதறிப்போய் ஸ்விட்சை மறுபடி போட்டார். அதுதான் பெரிய தப்பு. பஞ்சை ஊதுகிற ப்ளோயருக்குக் கரன்ட் வந்தால் போதும், ஓடும். உறைகளைக் கொண்டுவந்து அதன் வாயில் மாட்டுகிற பெல்ட்டுக்கு அது போதாது, தனியாக ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்க ஆள் இல்லை. ப்ளோயர் ஓடியது, பெல்ட் ஓடவில்லை.

“சார், வெளியே பாருங்க,” என்றார் ஃபோர்மேன்.

வெளியே பஞ்சு மழை. காது கிழியும் சத்தத்தோடு ப்ளோயர் பஞ்சைக் கூரைக்குத் தூற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் ஓடினார். ஈரக் கோட்டில் பஞ்சு ஒட்டி, பத்து அடி போவதற்குள் செம்மறி ஆடு போல ஆகிவிட்டார். ஃபோர்மேன் பின்னாலேயே வந்து, கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒரு நீலச் சட்டையை நீட்டினார். அளவு கச்சிதமாக இருந்தது. அதை யோசிக்க நேரமில்லை.

ப்ளோயரை நிறுத்துகிற பொத்தானை அமுக்கினார். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

“போர்டுலயே அணைச்சிடலாமா சார்?”

“ஐயையோ வேண்டாம்! பொத்தான்னா குழாயைக் காலி பண்ணிட்டு நிறுத்தும். போர்டுல பட்டுன்னு அணைச்சா குழாய்ல பஞ்சு அடைச்சுக்கும், ஏற்கெனவே ஒரு தடவை தப்பிச்சோம். அப்புறம் ரெண்டு நாள் குடையணும். உறை எங்க? ஒரு உறை குடுங்க!”

கிடைத்த உறையை ப்ளோயரின் வாயில் பிடித்தார். அது மெத்தைக்கான உறை. நொடியில் உப்பிக் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு தலையணை உருவாகி, அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்த்தது. அதன் அடியிலிருந்து போன் அடித்தது. மனைவி. எடுக்காமல் இருக்கத்தான் நினைத்தார்; தட்டுத்தடுமாறியதில் விரல் பட்டு வீடியோ காலாகவே எடுபட்டுவிட்டது.

“என்னங்க, மீட்டிங் எப்படிப்... என்னங்க அங்க, பனி பெய்யுதா?”

“ஏசி ரூம்மா. கொஞ்சம் அதிகமா வெச்சுட்டாங்க.”

“கோட்டு எங்க?”

“அப்புறம் பேசறேன், முக்கியமான கட்டத்துல இருக்கேன்!”

போனை வைத்துவிட்டு பெல்ட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார். பெல்ட்டின் பொத்தானை அமுக்கியும் அது நகராமல் முனகியது. உருளை தேய்ந்து தொளதொளத்துக் கிடந்தது. கழுத்தில் மிச்சமிருந்தது டை மட்டும். பெல்ட்டின் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, டையைக் கழற்றி உருளையில் இறுக்கிச் சுற்றினார். திரும்பச் செருகியதும் பெல்ட் ஒரு விக்கல் விக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. உறைகள் வரிசையாக வந்து வாயைக் கொடுத்தன. பஞ்சு மழை நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம். டையில் ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டு வர எந்த இன்ஜினியருக்கு மனசு வரும்? ஸ்பேனர் கேட்டார். கேட்பதற்கு முன்பே ஏழு பேரில் ஒருவர் சரியான அளவை நீட்டினார். ஒரு மணி நேரத்தில் உருளையை மாற்றி, பொத்தானைப் பொருத்தி, ஏசிக் குழாய்க்கு வளைவு கொடுத்து, போர்டில் அழிந்த எழுத்தை எல்லாம் பேனாவால் எழுதியும் வைத்துவிட்டார். தன்னை அறியாமல் விசில் அடித்துக்கொண்டிருந்தார். ராஜினாமாவுக்குப் பிறகு அவர் விசில் அடித்தது அன்றுதான்.

நிமிர்ந்தால், முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். தலைமுடியில் ஒரு துண்டுப் பஞ்சு, பூ வைத்த மாதிரி.

இன்ஜினியருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “மேடம்... மூணாவது பக்கம்...”

“அது கிடக்கட்டும். இந்த மெஷின் இப்படிச் சத்தமில்லாம ஓடி எத்தனை நாளாச்சு தெரியுமா? நீங்க பேசாம இங்கேயே வேலைக்குச் சேர்ந்துடுங்க.”

இன்ஜினியர் பஞ்சைத் தட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் கண்முன் வந்தது.

“மன்னிக்கணும் மேடம். ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு வந்தவன் நான். இன்னிக்கு ஏதோ கை தவறிப்போச்சு. இனி என்கிட்ட ஆலோசனை மட்டும்தான் கிடைக்கும்.”

சொன்ன பிறகு அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது. முதலாளியம்மா வற்புறுத்தவே இல்லை.

“உங்க இஷ்டம் சார். ஆலோசனையை நானே கூப்பிட்டுக் கேட்டுக்கறேன். பத்திரமாப் போயிட்டு வாங்க.” நாலடி நடந்தவர் திரும்பினார். “ஆங், போற வழியில அந்த ரெண்டாவது மெஷின் இருக்கு பாருங்க, அது ஒரு வருஷமா என்னமோ முனகுது. வந்தவங்க யாருக்கும் பிடிபடல. சும்மா காதுல மட்டும் வாங்கிட்டுப் போங்க.”

காதில் வாங்குவதில் தப்பில்லை என்று இன்ஜினியர் நினைத்தார். காது தொடுவதில் சேராது.

ரெண்டாவது மெஷின் ‘ஙொய்ய்... டுக்’ என்றது. கொஞ்சம் நின்று, மறுபடி ‘ஙொய்ய்... டுக்’. அந்த ‘டுக்’ வரவேண்டிய இடத்தில் வராமல் அரை நொடி தள்ளி வந்தது. அவர் தலையைச் சாய்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

சாயங்காலம் மனைவிக்கு அவரே போன் செய்தார்.

“ப்ராஜெக்ட் ஓகே ஆயிடுச்சு. மூணு நாள் இங்க வரணும்.”

“நிஜமாவா? ஆலோசகராத்தானே?”

“பின்னே? ஆனா இது வந்து... கொஞ்சம் கள ஆய்வு மாதிரி.”

“எனக்குத் தெரியும்ங்க! இருங்க, தம்பிகிட்டச் சொல்றேன். அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, அவர் காது குளிரட்டும்!” இன்ஜினியர் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பராமரிப்பு அறையில் ஃபோர்மேன் ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஸ்பேனர் செட், துவைத்து மடித்த இன்னொரு நீலச் சட்டை, சோப்பு, புதுத் துண்டு. மற்ற ஆறு பேரும் அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, டீயும் ஊற்றி வைத்திருந்தார்கள்.

“இதெல்லாம் எதுக்குங்க? மூணே நாள் வேலை,” என்றார் இன்ஜினியர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே. “நீங்க என்னைத் தப்பா நினைச்சுடக் கூடாது. நான் அடிப்படையில ஒரு ஆலோசகர்.”

“தெரியும் சார்,” என்று ஃபோர்மேன் டீயை அவர் பக்கம் தள்ளினார். “நாங்க ஏழு பேருமே இந்தக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல வந்தவங்கதான்.”