வழக்குப் படத்தில் கப்பல் புகுந்த படலம்

வாழ்க மெருகுக்காரன்! ஊரார் வாயிலெல்லாம் ஒளிவீசும் பொய்ப்பல் வரிசைகளுக்குப் பளபளப்பு ஈந்த பெருந்தகை, சுழலும் பாலிஷ் சக்கரத்தின் முன் சோர்வறியாத் தோளினன், பறக்கும் தூளுக்கு அஞ்சா மூக்கினன், தன் கடைவாய்ப்பல் சொத்தையாகி நெடுநாள் ஆகியும் அதைக் காட்டப் பொழுதின்றிப் பிறர் பல்லுக்கே உழைத்துத் தேயும் கருமவீரன், விடுமுறைதோறும் சோபா எனும் அரியணையில் சாய்ந்தபடியே திரைப்படப் பெருங்கடலைக் கலக்கிக் கரைகண்ட கலாரசிகன், வாழ்க, நீடு வாழ்க! அவனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்னவன் புகழ் பாடப் புகுந்த நமக்கு, மெத்தையிடுக்கில் மறைந்து உறைந்து, தேடுவோர் கைக்கு எட்டாமல், தேடாதோர் உட்காரும்போது மட்டும் குத்தி வெளிப்படும் ரிமோட் எனும் சிறுதெய்வம் காப்பாக நிற்க. அவையோர் பிழை பொறுக்க. பாதிப் படம் பார்த்து முழுப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்வது நம் அனைவர்க்கும் பொதுவான குலத்தொழில் ஆதலின், இக்கதையில் யாரையேனும் பார்த்துச் சிரிக்க நினைப்பவர் முதலில் ஒருமுறை தம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம். அவசரம் ஒன்றுமில்லை.

அவன் தொழில் புரிந்தது பல் செட்டு செய்யும் சிறு கூடம் ஒன்றில். அதன் பின்னறையில் ஒரு சாப்பாட்டு மேசை உண்டு. அதுவே அவனது அரசவை. சுவர் நெடுகப் பலகை அடுக்கி, பலகை நெடுகப் பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருக்க, அத்தாடைகளெல்லாம் எப்போதும் வாய் பிளந்தே நிற்கும். சொல்வது எதுவாயினும் வாய் பிளந்து கேட்கும் இத்தகைய சபையோர் எந்த மன்னனுக்கும் வாய்த்ததில்லை. திங்கட்கிழமை நண்பகலில், டப்பா மூடிகள் திறக்கும் ஓசை முரசென முழங்க, ஊறுகாய்ப் பாட்டில் கைமாற, மேசையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, “அண்ணே, இந்த வாரம் என்ன படம் பார்த்தீங்க, எப்படி?” என்னும் வினா எழும்பும். அந்த வினாவே அவன் தலையில் ஏறும் மகுடம்.

ஏனெனில் அவன் இல்லத்தில் அவனை எவரும் எதுவும் கேட்பதில்லை. சன்னல் திரை நீலமா பச்சையா என்பது அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் முடிவானது. மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதை மச்சினன் வாயிலாகத்தான் அறிந்தான். அவன் தலைமுடியை எவ்வளவு குறைப்பது என்பதைக்கூட முடிவெட்டுபவரே தீர்மானித்தார். வீட்டுப் பேச்சு அவனைச் சுற்றி ஓடி, அவனைத் தாண்டிப் போய்விடும். அவனும் காலைத் தூக்கி வழிவிடுவான். இந்த மேசை ஒன்றில்தான், அவன் வாய் திறந்தால் நாலு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். இதுவும் போய்விட்டால் அவனிடம் மிஞ்சுவது பாலிஷ் மெஷின் மட்டுமே.

இவ்வண்ணம் அவன் செங்கோல் செழித்திருந்த நாளில், கூடத்தின் உரிமையாளரும், எவர் பல்லையும் ஒரே பார்வையில் எடைபோடும் கூர்நோக்கினருமான மேடம், வெள்ளிக்கிழமை மாலை தாமே நடந்து அவன் மெஷின் அருகே வந்தார். “அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுக்காரங்க மொத மொதல்ல நம்ம வீட்டுக்கு வர்றாங்க. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் சேர்ந்து உக்காந்து பாக்கற மாதிரி ஒரு படம் பார்த்து வெச்சுச் சொல்லுங்க. மானம் போற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது,” என்றார். சக்கரம் நின்றது. தூள் அடங்கியது. இதுகாறும் சகஊழியர்க்கு மட்டுமே குறி சொல்லிவந்த வாய்க்கு அரண்மனையிலிருந்தே அழைப்பு வந்துவிட்டது. “திங்கட்கிழமை சொல்றேன் மேடம்,” என்று அவன் சொன்ன குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் போர் மூண்டது. ஒரு வீட்டுக்காக அண்ணனும் தம்பியும் வழக்காடும் படம் ஒன்று, எல்லோரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டது. அதையே பரிசோதனைக்கு எடுத்தான். வயிறார உண்டு, ஃபேனைப் போட்டு, சோபாவின் வலக்கோடியில் அவன் அமர, இடக்கோடியில் உலர்ந்த துணிக்குவியலோடு மனைவி அமர்ந்தாள். படம் தொடங்கிற்று. அண்ணன் முறைத்தான். தம்பி சிரித்தான்; சிரித்த தம்பியின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. மெருகுக்காரன் முகங்களைப் பார்ப்பவனல்லன், பற்களையே பார்ப்பவன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூடப் பல்லை வைத்துத்தான் நினைவில் வைப்பான். ஆகவே அந்த இடைவெளி அவன் நெஞ்சில் பதிந்தது.

அந்நேரம் பார்த்து, பகையரசியாம் நித்திராதேவி, கொட்டாவிப் படையை முன்னே ஏவி, பின்னங்கழுத்துக் கோட்டையை முதலில் தகர்த்து, இமைக்கதவுகளை இருபுறமும் இழுத்து மூடி, அவன் கையிலிருந்த ரிமோட்டையும் பறித்து மெத்தையிடுக்கில் வீசி, வீரனை வென்றாள். நீதிமன்றக் காட்சி வருவதற்குள் வீரன் வீழ்ந்தான். குறட்டை மட்டும் களத்தில் நின்று பொருதது. மனைவி ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்து, படத்தை முழுதாகப் பார்த்து முடித்து, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆளில்லா அரங்கில், அணைப்பார் இல்லாத டிவி, ஒரு படம் முடிந்தால் அடுத்த படத்தைத் தானே ஓட்டும் தன் இயல்புப்படி, வேறொரு படத்தை ஓட்டத் தொடங்கிற்று.

நம் வீரன் கண் விழித்தபோது திரையில் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. நீர் பொங்க, பாய்மரம் முறிய, தாடி வளர்த்த கப்பல் தலைவன் ஒருவன் ஒரு நாயை மார்போடு அணைத்து அலறினான். அலறிய வாயில், ஐயகோ, முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அதே இடைவெளி. ‘தம்பிக்காரன் வழக்கில் தோற்றுக் கடலுக்குப் போய்விட்டான் போலும்’ என்று மெருகுக்காரன் நொடியில் தெளிந்தான். தான் உறங்கியதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை கண்ணைச் சிமிட்டியதாகத்தான் தோன்றிற்று. அடுத்து என்ன ஆகிறதென்று பார்ப்பதற்குள் வாசலில் தண்ணீர்க் கேன் வந்துவிட்டது. கேனை உள்ளே வைத்துத் திரும்பியபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை நண்பகல் அவை கூடிற்று. மேடமும் தம் டப்பாவோடு வந்து அமர்ந்தார்; அது அரிய காட்சி. பிளாஸ்டர் அச்சு வார்க்கும் அக்கா ஒருபுறம், மெழுகில் பல் அடுக்கும் இளையவன் மறுபுறம். தொண்டையைச் செருமிக்கொண்டு வீரன் உரைத்த பேருரையாவது: “முதற்பாதியில் மண்ணுக்கு மல்லாடிய மாந்தர், மறுபாதியில் விண்ணும் கடலும் வெடிக்கும் நடுவில், வீடென நாம் கட்டிய எல்லாம் மூழ்கும் மரக்கலமே என்னும் மெய்ப்பொருள் கண்டனர்!” வாயால் அவன் சொன்னது, “மேடம், அந்த வீட்டுக் கேஸ் படத்தையே போடுங்க. செகண்ட் ஆஃப்ல கப்பல்ல கொண்டுபோய் முடிச்சிருக்காங்க பாருங்க, பிரமாதம்,” என்பதே. ஆனால் அவன் காதில் விழுந்தது முன்னதுதான்.

மெழுகுக்கார இளையவன் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அதுல கப்பலே வராதே,” என்றான்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். மெருகுக்காரனுக்குக் காது மடல் சுட்டது. மற்ற நாளாயிருந்தால் சிரித்து விட்டிருப்பான். மேடம் முன்னிலையில், அதுவும் நேற்றுவந்த பயலிடம், விட்டுக்கொடுக்க முடியுமா? சோற்றுக் கையை உயர்த்தி, வீரன் தன் இறுதிப் படைக்கலத்தை எடுத்தான். “அந்தக் கப்பல்காரன் யாரு? தம்பிதான். முன்பல்லு இடைவெளியைப் பார்த்தியா இல்லையா? முகம் பொய் சொல்லும், தாடி பொய் சொல்லும், பல்லு பொய் சொல்லாது,” என முழங்கினான். பொய்ப்பல் செய்யும் கூடத்தின் நடுவில் இருந்துகொண்டு அவன் அப்படி முழங்கியது எவர்க்கும் விந்தையாகப் படவில்லை.

மெழுகுக்காரன் நிலை பரிதாபம். கப்பலைப் பார்க்கவில்லை என்று ஒருவன் நூறு முறை சொல்லலாம். பல்லிடைவெளியைப் பார்க்கவில்லை என்று பல் அடுக்குகிறவன் ஒருமுறையேனும் சொல்ல முடியுமா, அதுவும் சம்பளம் கொடுப்பவர் எதிரே? அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். “ஆமா, இடைவெளி இருந்துச்சு. நடுவுல ஒரு போன் வந்துச்சு, அப்ப கப்பல் வந்திருக்கும்,” என்று ஆயுதம் கீழே வைத்தான். வார்ப்புக்கார அக்கா, தான் மட்டும் பின்தங்குவானேன் என்று, “எனக்கு அந்தக் கப்பல் சீன்ல அழுகையே வந்துடுச்சு,” என்றார். மேடமும் தலையாட்டி, “ட்ரெய்லர்லயே கப்பல் லேசா தெரிஞ்சுது,” என்றார். வென்றான் வீரன்! ஒரே கப்பலில் அவை முழுவதையும் ஏற்றிவிட்டான். அந்தக் கணத்தில் அவனுக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அத்தோடு எழுந்து கை கழுவப் போயிருக்கலாம். விதி விடவில்லை. “அந்த நாய் கடைசில சாகுமா? சம்பந்தி வீட்ல நாய்ன்னா உயிர். மொத தடவை வந்து அழுதுட்டுப் போகக் கூடாது,” என்றார் மேடம். தண்ணீர்க் கேன் நேரத்தில் நேர்ந்ததை வீரன் அறியான். ஆயினும் வெற்றிக் களிப்பில் இருப்பவனுக்கு யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது நினைவிலா வரும்? “இருங்க, வீட்லயும் பார்த்தாங்க, கேட்டுடுவோம்,” என்று போனை எடுத்து, எல்லார்க்கும் கேட்கட்டும் என ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தான்.

“இந்தாம்மா, சனிக்கிழமை பார்த்தோம்ல ஒரு படம். அதுல அந்த நாய் கடைசில பிழைக்குதா?”

“எந்த நாய்ங்க?”

“அதான், கப்பல் முழுகும்போது தம்பி தூக்கிட்டு நிப்பானே.”

மறுமுனையில் குக்கர் ஒருமுறை கூவி அடங்கிற்று. “அது வேற படங்க. நம்ம படம் முடிஞ்சு அது தானா ஓடிட்டு இருந்துச்சு. நீங்கதான் கோர்ட்டு வர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டீங்களே,” என்றாள் மனைவி. பிறகு, கோபம் ஏதுமில்லாமல், காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறவள் குரலில், “படம் எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட ஒரு நாளாவது கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே,” என்றாள்.

கப்பல் மூழ்கியது. ஏறியவர் அனைவரும் அதோடு மூழ்கினர். சிரிக்க எவராலும் முடியவில்லை. அழுத அக்கா தயிரைக் கலக்கினார், மெழுகுக்காரன் டப்பாவின் அடியைச் சுரண்டினான், ட்ரெய்லரில் கப்பல் கண்ட மேடம் எழுந்து, “சரி, நான் வேற யாரையாவது கேட்டுக்கறேன்,” என்று மூடியை அழுத்தி மூடினார். அடுத்த திங்கட்கிழமை அந்த வினா எழாது என்பது மெருகுக்காரனுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆயினும், அன்று பிற்பகல் முழுதும் சக்கரம் சுழலச் சுழல, அவன் நெஞ்சில் சுழன்றது மகுடம் அன்று. என்னை யார் கேட்கிறார்கள், என்னை யார் கேட்கிறார்கள் என்று ஆண்டாண்டாகத் தானே தன் காதில் ஓதிவந்தவன், அதே சோபாவின் அடுத்த முனையில் ஒருத்தி ஒவ்வொரு படத்தையும் கடைசிப் பெயர் ஓடும்வரை பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் கேட்கப்படாமல், துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை ஒருநாளும் எண்ணியதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பல் செட்டை அளவுக்கு மீறித் தேய்த்து விட்டான். அதை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அந்தி சாய்ந்தது. தோற்ற களத்தினின்றும் மீண்ட வீரன், தூள் படிந்த புருவத்தோடும் துணிந்த நெஞ்சோடும், வீதிகள் கடந்து, படிகள் ஏறி, செருப்பை நேராக விட்டு, பேருரைக்கென்றே படைக்கப்பட்ட தன் திருவாயைத் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாகக் கேட்பதற்கென்று திறந்து, அரசரும் அறிஞரும் தொழுது கேட்கும் தொன்மறைப் பொருளை வேண்டி நிற்பான்போல் அடுக்களை வாயிலில் நின்று, “அந்த வீட்டுக் கேஸ் படம் உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

“சுமாரா இருந்துச்சு,” என்றாள்.