பந்தி அண்ணனும் காணாமல் போன கரண்டியும்

சிறையில் ஸ்பாட் செக் வருகிறது என்றதும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, விருந்தாளியை வரவேற்பதுபோல் வாசலில் வந்து நிற்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் பந்தி அண்ணே என்போம். உண்மையான பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வார்டர்கள் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாங்கள் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

நான் ஏன் உள்ளே போனேன் என்பதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. அவர் வந்த கதைதான் கதை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் பந்தி பரிமாறும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவரை எழுப்பிவிட்டு மாப்பிள்ளையின் மாமா அந்த இடத்தில் உட்காரப் பார்த்திருக்கிறார். அண்ணன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு நடந்தது போலீஸ் ரிப்போர்ட்டில் இருக்கிறது. மாமாவுக்குக் கை முறிந்தது.

"சாப்பிடற மனுஷன எழுப்பலாமா? நீயே சொல்லு லா," என்பார். நீதிபதியிடமும் இதையேதான் கேட்டாராம்.

ஸ்பாட் செக் என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. திடீரென்று விசில், பூட்ஸ் சத்தம், படார் படாரென்று கதவுகள். எல்லோரும் வெளியே ஓடி, நடைபாதையில் வரிசையாகக் குந்தி, கையைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராகத் துணியைக் கழற்றி, குந்தி எழுந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே பாயும் போர்வையும் பறக்கும். சோப்பை இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். பற்பசையைக் கடைசிவரை பிதுக்கிவிடுவார்கள். திரும்பிப் போனால் எது யாருடைய போர்வை என்று தெரியாது. என் மனைவி செல்வியின் படத்தின்மேல் பூட்ஸ் தடம் இருந்தது. முதல் தடவை நான் அழுதுவிட்டேன்.

அண்ணனுக்கோ குந்தியிருக்கும் நாங்கள் எல்லோரும் ஒரு பந்தி. "வரிசைய நேராக்குங்கப்பா. நடுவுல ஆள் நடக்க வேணாமா?" என்று முணுமுணுப்பார். வார்டர் வந்தால், "வாங்க துவான், அந்தப் பக்கமா போங்க, இங்க ஈரம்," என்று மலாயில் ஐயா போட்டு வழிகாட்டுவார். துணியைக் கழற்றச் சொன்னால் அழகாக மடித்து ஓரமாக வைப்பார். நான் அழுத அன்று பக்கத்தில் குந்திக்கொண்டு காதோடு சொன்னார்: "தம்பி, சாப்பாட்டுல கை வெக்கற எங்களுக்கெல்லாம் கட்டாய டைபாய்டு ஊசி போடறப்ப அந்த நர்ஸம்மா படுத்தாத பாடா? இது ஒண்ணும் இல்ல லா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக இன்னொரு தடவை குந்தி எழச் சொன்னார்கள்.

உள்ளே அவருக்கு ஒரு சொர்க்கம் இருந்தது. சமையற்கட்டு வேலை. உப்பில்லாத மீன் குழம்பைக்கூட ராஜா வீட்டு விருந்துபோலக் கிண்டிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் தீபாவளிக்கு யாரோ புண்ணியவான்கள் ஆட்டிறைச்சியும் அரிசியும் கொடுத்தார்கள். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, கூடத்தில் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பந்தியே போட்டுவிட்டார். தட்டுதான், இலை இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும், "இன்னொரு கரண்டி?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுநாள் காலையில் பூகம்பம். சமையற்கட்டின் சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்திருப்பார்கள். நீளமான இரும்புக் கரண்டியின் உருவம் இருந்தது, கரண்டி இல்லை. சிறையில் இரும்பு காணாமல் போனால் அது கரண்டி அல்ல, ஆயுதம். மொத்த பிளாக்கையும் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லை, வெயில் இல்லை, சாப்பாடு கதவு ஓட்டை வழியாக. கரண்டி கிடைக்கிறவரை குடும்பத்தார் யாரும் பார்க்க வர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் எனக்கு இடி விழுந்தது. நான் உள்ளே இருக்கும்போது எனக்கு மகள் பிறந்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை செல்வி அவளை முதல் தடவையாகக் கூட்டிவருவதாக இருந்தது.

பூட்டிய அறையில் அண்ணனோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் செராஸில் மோட்டார் கடை வைத்திருந்த சீனர், ஆ மெங். அந்த வெக்கையில், கக்கூஸ் நாற்றத்தில், அவர் இருமினால் எனக்குக் கோபம் வரும், நான் நகர்ந்தால் அவருக்குக் கோபம் வரும். நாளுக்கு இரண்டு தடவை ஸ்பாட் செக் வேறு. அண்ணன்தான் எல்லோரையும்விடக் கொதித்தார். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாக் முழுக்கக் கேட்கிறமாதிரி கத்துவார்: "டேய், எவன்டா எடுத்தது? மரியாதையா குடுத்துருங்க! இங்க ஒருத்தன் பிள்ள முகத்த பாக்காம கெடக்கறான்!"

மூன்றாம் நாள் நானும் ஆ மெங்கும் ஒரு பிஸ்கட்டுக்காகக் கைகலப்பு வரை போய்விட்டோம். அண்ணன் நடுவில் வந்து நின்றார். "உக்காருங்க ரெண்டு பேரும். பந்தி ஆரம்பிக்கப் போவுது."

வெறுங்கையால் இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். இனிப்பு, வறுவல், அப்பளம், சாம்பார் என்று ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து எடுத்துப் பரிமாறினார். முதலில் கடுப்பாக இருந்தது. பிறகு வாயில் எச்சில் ஊறியது. பக்கத்து அறையில், "அண்ணே, இங்க அப்பளம் வரல!" என்று ஒருவன் கத்தினான். ஆ மெங் கையைக் குழித்து நீட்டி, "ரசம் லாகி, அண்ணே," என்று இன்னும் ரசம் கேட்டார்.

அண்ணன் பிளாக் முழுவதற்கும் மோர் ஊற்றி முடித்தார். "கடைசிப் பந்தி ஆச்சு. இனிமே கழுவி வெக்கறதுதான். மண்டபத்துல அசந்தா அடுத்த கேட்டரிங்காரன் நம்ம சாமான தூக்கிருவான் தம்பி. அதனால நான் எப்பவும் கரண்டிய கீழ போட்டு, அது மேல பெரிய அண்டாவ கவுத்து..."

நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். ஆ மெங் அவரைப் பார்த்தார். அண்ணன் தன் கைகளைப் பார்த்தார்.

"அய்யோ," என்றார்.

தீபாவளிப் பந்தி முடிந்ததும் அவர் கை வழக்கப்படி கரண்டியைக் கீழே போட்டிருக்கிறது; அண்டாவைக் கவிழ்க்க வந்தவர்கள் அடியில் என்ன என்று கவனிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும் அண்டாவை எந்த வார்டர் தூக்கிப் பார்ப்பார்?

"அண்ணே, டியாம் லா. சும்மா இரு," என்று ஆ மெங் வாயில் விரல் வைத்தார். நியாயம்தான். சொன்னால் சமையற்கட்டு போய்விடும். அவருக்கு அதைவிட்டால் அங்கே வேறு ஒன்றும் கிடையாது. சொல்லுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

"சனிக்கிழம வருதுல்ல பிள்ள?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, கதவைத் தட்டினார். "துவான்! துவான்!"

நாலு வார்டர்கள் அண்டாவைப் புரட்டினார்களாம், கரண்டி பளபளவென்று கிடந்ததாம். அண்ணனைச் சமையற்கட்டிலிருந்து தூக்கி, லோங்காங் கழுவும் வேலையில் போட்டார்கள். வெளியே போகிறவரை அந்தச் சாக்கடையைத்தான் கழுவினார். ஒரு நாள்கூட என்னிடம் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சனிக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் என் மகளைப் பார்த்தேன்.

போன மாதம் கிள்ளானில் அவளுக்குக் காது குத்தினோம். விசாரித்து விசாரித்து அவரைத்தான் பந்திக்குப் பிடித்தேன். தலை நரைத்திருந்தது, தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. கடைசிப் பந்தியில் என் மகள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இன்னும் கேசரி," என்றாள்.

அண்ணன் குனிந்து அவளையே பார்த்தார். "இவதானா?"

"இவதாண்ணே."

"அன்னிக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன பண்ணா? சிரிச்சாளா?"

"இல்லண்ணே. முழு நேரமும் தூங்கிட்டா."

"அடப்பாவி! இதுக்காடா நான் லோங்காங் கழுவுனேன்?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கிறமாதிரி கத்திவிட்டு, அவள் இலையில் மூன்று கரண்டி கேசரி வைத்தார்.

எல்லோரும் போனபிறகு பின்பக்கம் போனேன். கழுவிய கரண்டியைத் தரையில் வைத்து, ஆட்களைக் கூப்பிட்டு அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எந்த அண்டா என்று நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் மறந்துவிட்டால் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?